அழல் தணிக்கும் இருள்

முன்னுரை

உடலின் ஓரிடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று, வலி தோன்றும் நிலையைத் தமிழில் 'அழற்சி' என்கிறோம். 'அழல்' என்பது நெருப்பு. அரபு மொழியில் இதே நிலைக்கு 'இல்திஹாப்' என்று பெயர். தீப்பிழம்பைக் குறிக்கும் 'லஹப்' என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. மேலை மருத்துவர்கள் வழங்கும் 'இன்ஃப்ளமேஷன்' என்னும் சொல்லும் தீமூட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தொடர்பற்ற மூன்று மொழியினர் ஒரே உடல்நிலையைக் கண்டு, ஒரே உவமையைக் கையாண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

நெருப்புக்குப் பெயரிட்ட மனிதன், அதனைத் தணிக்கும் பொருள்களையும் தேடினான். மூலிகைகளிலும் வேதிப்பொருள்களிலும் பல கிடைத்தன. ஆனால் நம் உடலே இரவுதோறும் சுரந்துகொள்ளும் ஒரு பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பது கடந்த சில பத்தாண்டுகளில்தான் தெளிவாகியுள்ளது. அதன் பெயர் மெலடோனின். இப்பெயரின் முற்பகுதி கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அழலைத் தணிக்கும் இருள் என்று இதனைச் சொல்வது பெருமளவு பொருந்தும்.

மெலடோனின் எவ்வாறு சுரக்கிறது, அழற்சியை எவ்வாறு தணிக்கிறது, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் எந்த அளவுக்கு இதனை உறுதிப்படுத்துகின்றன, அதனைப் பெற மாத்திரையை நாடுவதா, இருளை நாடுவதா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழற்சி என்பது யாது?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறிப்பிட்டார். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்பன அவை. காலில் முள் தைத்தவர் அனைவரும் இந்நான்கினையும் அறிவர். முள்ளோடு நுண்ணுயிர்கள் உட்புகுகின்றன. அவ்விடத்திலுள்ள விழுங்கு செல்கள் பகைவரவை உணர்ந்து வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. சைட்டோகைன்கள் எனப்படும் இத்தூதுகளுள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகியன முதன்மையானவை. தூது கிடைத்ததும் அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு, பின் அதனைக் கடந்து போர்க்களம் சேர்கின்றன. பகை ஒழிந்தபின் தீ தணிகிறது, புண் ஆறுகிறது.

இந்த நெருப்பு நமக்குத் தேவையானது. இது மூளாவிடில் சிறு கீறலும் உயிரைக் குடிக்கும். தீ அணைய வேண்டிய நேரத்தில் அணையாது, சாம்பலுக்குள் கனலும் கங்கினைப்போல் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதே கேடு. இரத்தக் குழாய் அடைப்பு, நீரிழிவு, மூட்டு வாதம், குடல் அழற்சி முதலிய நோய்களில் இத்தகைய நீடித்த அழற்சிக்குப் பங்குண்டு.

2017-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய மருத்துவச் சோதனை இங்கு நினைக்கத்தக்கது. முன்னரே மாரடைப்புக்கு ஆளான 10,000-க்கும் மேற்பட்டோரிடம் இன்டர்லூக்கின்-1 வகையைச் சார்ந்த ஒரு தூதினை மட்டும் தடுக்கும் கனகினுமாப் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. கொழுப்பின் அளவைக் குறைக்காமலேயே அம்மருந்து மீண்டும் மாரடைப்பு வருவதை ஓரளவு குறைத்தது. அதே வேளையில், மருந்து பெற்றோரிடையே உயிர்போக்கும் தொற்றுநோய்கள் சற்று மிகுந்தன. அழற்சியை அடக்கினால் நன்மை உண்டு. அளவுக்கு மீறி அடக்கினால் காவலும் உடன் போய்விடும். அழலைத் தணிக்க வரும் எப்பொருளையும் இந்த இரட்டை உண்மையை மனத்திற்கொண்டே மதிப்பிட வேண்டும்.

தவளைத் தோலிலிருந்து தொடங்கிய தேடல்

மூளையின் நடுவே, பட்டாணியினும் சிறிதாக, கூம்பு வடிவில் ஒரு சுரப்பி உள்ளது. பினியல் சுரப்பி என்பர். தமிழில் கூம்புச் சுரப்பி எனலாம். பதினேழாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் டெகார்ட்டே இதனை ஆன்மாவின் இருப்பிடம் என்று கருதினார். பிற்காலத்து மருத்துவர் பலர் இதனைப் பயனற்ற எச்ச உறுப்பாக எண்ணி ஒதுக்கினர்.

1917-ஆம் ஆண்டில் மெக்கார்டு, ஆலன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் மாட்டின் கூம்புச் சுரப்பியை அரைத்துத் தலைப்பிரட்டைகளுக்கு அளித்தனர். தலைப்பிரட்டைகளின் கருநிறத் தோல் வெளிறியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யேல் பல்கலைக்கழகத்துத் தோல்நோய் மருத்துவர் ஆரோன் லெர்னர் இதனைக் கருத்திற்கொண்டார். தோலை வெளிறச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தால் வெண்புள்ளி போன்ற நிறக்கேடுகளுக்கு வழி பிறக்கலாம் என்பது அவர் எண்ணம். இலட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுச் சுரப்பிகளைச் சேகரித்துச் சாறெடுத்து, 1958-இல் அப்பொருளைத் தனித்துப் பிரித்தார். அதற்கு அவர் இட்ட பெயரே மெலடோனின்.

லெர்னர் தேடிய தோல் மருந்து கிட்டவில்லை. மெலடோனின் மனிதத் தோலின் நிறத்தை மாற்றுவதில்லை. ஆயினும் அவர் திறந்த கதவின் வழியே நுழைந்தவர்கள், மனித உடலின் இராக்கால நிலையையே கண்டறிந்தனர்.

இருளின் தூதுவன்

நாம் உண்ணும் புரதத்தில் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. கூம்புச் சுரப்பி அதனைச் செரடோனினாகவும், செரடோனினை மேலும் இரு படிகளில் மெலடோனினாகவும் மாற்றுகிறது. பகலில் இந்தத் தொழில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பொழுது சாய்ந்தபின் தொடங்கி, நள்ளிரவுக்குப் பின் 2 மணி முதல் 4 மணி வரையிலான வேளையில் உச்சத்தை அடைந்து, விடியலில் தாழ்கிறது.

சுரப்பி இருளை எவ்வாறு அறிகிறது? கண்ணின் விழித்திரையில் பார்வைக்குப் பயன்படும் செல்களைத் தவிர, ஒளியின் அளவை மட்டும் அளந்து கூறும் தனிவகைச் செல்களும் உள்ளன. மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட இச்செல்களின் இயல்பை 2002-ஆம் ஆண்டில் டேவிட் பெர்சனும், ஜோர்டானில் பிறந்த அறிஞர் சாமர் ஹத்தாரும், அவர்தம் குழுவினரும் வெளிப்படுத்தினர். இவை நீல ஒளிக்கே மிகுதியாக எழுச்சி கொள்பவை. இவை தரும் செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள உயிர்க் கடிகாரத்தைச் சேர்கிறது. அங்கிருந்து தண்டுவடம் வரை இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மீண்டும் மேலேறிக் கூம்புச் சுரப்பியை அடைகிறது. ஒளி இருக்கும்வரை 'சுரக்காதே' என்பதே கட்டளை.

உயிர்க் கடிகாரம் வெளியுலகின் ஒளியை மட்டும் நம்பி ஓடுவதன்று. அதற்குத் தனக்கென்று ஓர் இயக்கம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் 1970-களின் நடுப்பகுதி முதல் நடத்திய ஆய்வுகள் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவை. இருண்ட குகைகளில் வாழும் வௌவால்களின் காலவுணர்வை அவரும் அவருடைய மாணவர்களும் நுணுகி ஆராய்ந்தனர். உயிர்க் கடிகாரத்தின் மூலக்கூற்று அமைப்பைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிர்க் கடிகாரம் குறிக்கும் நேரத்தை உடல் முழுவதற்கும் எடுத்துரைக்கும் தூதுவன் மெலடோனின். 'இரவு வந்துவிட்டது' என்பதே அது கொண்டுசெல்லும் செய்தி. அச்செய்தியைக் கேட்டு உறக்க நரம்புகள் மட்டுமன்றி, நோய் எதிர்ப்புச் செல்களும் தம் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. அச்செல்களின் மேற்பரப்பிலும் மெலடோனினை ஏற்கும் ஏற்பிகள் அமைந்துள்ளன.

அழலைத் தணிக்கும் வழிகள்

ஆய்வுக்கூடச் சோதனைகளின்படி மெலடோனின் அழற்சியை மூன்று வழிகளில் தணிக்கிறது.

முதலாவது, விறகைக் குறைத்தல். அழற்சி மூண்ட இடத்தில் வெள்ளணுக்கள் ஆக்சிஜனின் கொடிய வடிவங்களான தனி உறுப்புகளை உமிழ்கின்றன. இவை நுண்ணுயிர்களைக் கொல்வதோடு அருகிலுள்ள நல்ல செல்களையும் அரிக்கின்றன. அரிக்கப்பட்ட செல்கள் மீண்டும் அழற்சியைத் தூண்டுகின்றன. மெலடோனின் மூலக்கூறு இத்தனி உறுப்புகளைத் தானே ஏற்று முறியடிக்க வல்லது என்று 1993-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ரஸல் ரைட்டரும் அவருடைய குழுவினரும் காட்டினர். முறியடித்த பின் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் அதே பணியைத் தொடர்கின்றன. மேலும், குளுட்டதயோன் முதலிய உடலின் சொந்தப் பாதுகாப்புப் பொருள்கள் பெருகவும் அது துணை செய்கிறது.

இரண்டாவது, கட்டளையைத் தடுத்தல். செல்லுக்குள் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம் உள்ளது. அமைதிக் காலத்தில் அது கட்டுண்டு கிடக்கும். ஆபத்துச் செய்தி கிடைத்ததும் கட்டவிழ்ந்து உட்கருவுக்குள் சென்று, சைட்டோகைன்களை உண்டாக்கும் மரபணுக்களை எழுப்பும். இப்புரதம் உட்கருவுக்குள் செல்வதை மெலடோனின் தடுக்கிறது. இதனால் இன்டர்லூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது. வலியையும் வீக்கத்தையும் விளைவிக்கும் நொதிகளும் குறைகின்றன. இன்ஃப்ளமசோம் எனப்படும் மற்றோர் அபாய மணியின் ஓசையையும் அது தாழ்த்துகிறது.

மூன்றாவது, படைகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தல். வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டால்தான் வெளியேற முடியும். இப்பற்றுதலை மெலடோனின் தளர்த்துகிறது என்பதை எலிகளில் கண்டுள்ளனர். கடற்பாசியிலிருந்து பெறும் காரஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் செலுத்தி வீக்கம் உண்டாக்குவது மருந்தியலாரின் நெடுநாள் வழக்கம். மெலடோனின் பெற்ற எலிகளில் அவ்வீக்கம் குறைந்தது.

படுக்கையருகே கண்டவை

எலியில் கண்டது மனிதரிடம் மெய்ப்படும் என்பது உறுதியன்று. எனவே மருத்துவர்கள் நோயாளிகளிடம் நடத்திய சோதனைகளை நோக்க வேண்டும்.

2001-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரத்து மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். இரத்தத்தில் நுண்ணுயிர்த் தொற்றுப் பரவிய 20 பச்சிளங் குழந்தைகளுள் 10 குழந்தைகளுக்கு வழக்கமான மருத்துவத்தோடு மெலடோனினும் கொடுக்கப்பட்டது. மெலடோனின் பெறாத பத்துக் குழந்தைகளுள் மூன்று இறந்தன. பெற்ற பத்தும் பிழைத்தன. இது மனத்தை நெகிழ்விக்கும் முடிவு. ஆயினும் இருபது குழந்தைகள் என்பது மிகச் சிறிய தொகை. தற்செயலாகவும் இவ்வளவு வேறுபாடு நேரக்கூடும் என்பதைப் புள்ளியியல் அறிந்தோர் உணர்வர்.

அதன்பின் நீரிழிவு, உடற்பருமன், அறுவை மருத்துவம் எனப் பல்வேறு நிலைகளிலுள்ளோரிடம் சிறு சிறு சோதனைகள் நடந்தன. முப்பது அளவிலான சோதனைகளைத் திரட்டிய ஒரு தொகுப்பாய்வு 2021-இல் வெளியாயிற்று. மெலடோனின் உட்கொண்டோரின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி முதலியவை குறைந்திருந்தன என்று அது கண்டது. அழற்சியை அளக்க மருத்துவர்கள் பெரிதும் நம்பும் சி-எதிர்வினைப் புரதத்தில் உறுதியான குறைவு காணப்படவில்லை. மேலும் ஒரு சோதனையின் முடிவுக்கும் மற்றொன்றின் முடிவுக்கும் பெரும் வேறுபாடு இருந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுதான்: மெலடோனின் மனிதரிடமும் அழற்சியின் அடையாளங்கள் சிலவற்றைக் குறைக்கிறது என நம்ப இடமுண்டு. அதனால் நோய் குணமாகிறது, ஆயுள் கூடுகிறது என்று உரைக்கப் போதிய சான்று இல்லை. அளவுகோலில் எண் குறைவது வேறு. நோயாளி எழுந்து நடப்பது வேறு.

நாணயத்தின் மறுபக்கம்

மெலடோனின் எப்போதும் அழற்சியைத் தணிக்கிறதா என்றால், இல்லை என்றே கூற வேண்டும். சில நிலைகளில் அது நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடவும் செய்கிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு நாள்தோறும் இரவில் 10 மில்லிகிராம் மெலடோனினை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தது. நோயின் துன்பம் குறையவில்லை. அழற்சியின் அடையாளங்களுள் சில உயர்ந்தே காணப்பட்டன.

இதனினும் வியப்பான செய்தி பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரெஜினா மார்க்கஸும் அவருடைய குழுவினரும், மார்பக அழற்சியால் வருந்திய தாய்மாரிடம் இரவு மெலடோனின் சுரப்பு ஒடுங்கியிருப்பதை 2006-இல் கண்டனர். தொற்று ஏற்பட்டதும் உடலே கூம்புச் சுரப்பியின் வாயை அடைத்துவிடுகிறது. வெள்ளணுக்கள் தடையின்றிக் குழாயைக் கடந்து போர்க்களம் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்பது அவர்கள் தரும் விளக்கம். போர் நடக்குமிடத்தில் விழுங்கு செல்களே மெலடோனினைத் தயாரித்துக்கொள்கின்றன. பகை ஒழிந்தபின் கூம்புச் சுரப்பி மீண்டும் தன் பணியைத் தொடங்குகிறது.

நெருப்பு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை உடல் அறிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அந்த அறிவு மாத்திரைக்கு இல்லை. மெலடோனினின் பயன் அதன் அளவில் மட்டுமன்றி, அது வரும் நேரத்திலும் அடங்கியுள்ளது.

இரவை இழந்த வாழ்க்கை

காலத்தே வரும் மெலடோனினை நாமே தடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இன்றைய நிலை.

1980-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் லூயி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இரவில் 2,500 லக்ஸ் அளவுள்ள பேரொளியைக் காட்டினால் மனிதரிடம் மெலடோனின் சுரப்பு ஒடுங்குகிறது என்று நிறுவினர். வீட்டு விளக்கொளி அத்துணை வலிமை உடையதன்று என்று அப்போது ஆறுதல் கொண்டனர். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. 2011-இல் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், உறங்கப்போகுமுன் 200 லக்ஸுக்குக் குறைவான சாதாரண அறையொளியில் இருந்தோருக்கும் மெலடோனின் சுரப்பு தாமதமாயிற்று. மங்கலான ஒளியில் இருந்தபோது சுரந்த காலத்தைவிட ஏறத்தாழ 90 நிமிடம் குறைந்தது. ஒளிரும் திரையில் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் நூல் படித்த 12 பேரிடம் மெலடோனின் பாதிக்கும் மேல் குறைந்தது என்று 2015-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. அச்சு நூலை மங்கிய ஒளியில் படித்தபோது இக்குறைவு இல்லை.

உறக்கம் குன்றினால் அழற்சி மிகும் என்பதற்கும் தனியே சான்றுண்டு. ஓரிரவில் பாதி உறக்கத்தை இழந்தவரின் வெள்ளணுக்களில்கூட, மறுநாள் காலை இன்டர்லூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகியவற்றை உண்டாக்கும் மரபணுக் கட்டளைகள் மிகுந்திருப்பதை 2006-இல் கண்டுள்ளனர். இரவுப் பணி புற்றுநோயை விளைவிக்கக் கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. செவிலியர், காவலர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் நம் நலனுக்காகத் தம் இரவை ஈந்து வருகின்றனர். அவர்கள் இழப்பது உறக்கம் மட்டுமன்று என்பதை அவர்தம் முதலாளிகளும் அரசும் உணர வேண்டும்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். ரமலானில் நோன்பிருந்த பத்து ஆண்களிடம் நடந்து, 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, இரவு மெலடோனினின் உச்சம் தாழ்ந்திருந்ததைக் கண்டது. உணவு வேளையும் உறக்க வேளையும் மாறுவதால் இது நிகழலாம். நோன்பின் மீது பழி சுமத்த இதில் இடமில்லை. வணக்கத்திற்காக விழித்திருப்பது வேறு. நோன்பு துறந்தபின் கடைவீதி விளக்கொளியிலும் தொலைக்காட்சி முன்பும் சஹர் வரை பொழுது போக்குவது வேறு. முன்னதற்கு மங்கிய ஒளியே போதும்.

மாத்திரையா? இருளா?

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மெலடோனின் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. மருத்துவர் சீட்டு வேண்டுவதில்லை. ஐரோப்பாவில் 55 வயது கடந்தோரின் உறக்கமின்மைக்கு 2007-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இங்கும் அதனைப் பற்றிய பேச்சு பெருகியுள்ளது. எனவே மூன்று எச்சரிக்கைகளைக் கூறுவது கடமையாகும்.

ஒன்று, அளவு. 1 முதல் 5 மில்லிகிராம் வரை உட்கொண்டால் இரத்தத்தில் மெலடோனின் இயல்பான இரவு உச்சத்தைப் போல் பத்து முதல் நூறு மடங்கு உயர்கிறது. அது உடலின் இயற்கையான தூதினை ஒத்ததன்று.

இரண்டு, தரம். கனடாவில் 31 மெலடோனின் பண்டங்களைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. உறையில் அச்சிட்ட அளவைவிட 83 விழுக்காடு குறைவானதும், 478 விழுக்காடு மிகையானதும் அவற்றில் இருந்தன. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் குறிப்பிடப்படாத செரடோனினும் கலந்திருந்தது. 2023-இல் அமெரிக்காவில் மிட்டாய் வடிவில் விற்கப்படும் 25 பண்டங்களை ஆராய்ந்தபோது 22-இல் அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது; ஒன்றில் மெலடோனினே இல்லை.

மூன்று, பிற மருந்துகளோடு மோதல். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும், உறுப்பு மாற்றத்திற்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயுடையோரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடலாகாது. குழந்தைகளுக்குப் பெற்றோர் தாமாகவே கொடுப்பதும் தவறு.

இருளுக்கு இத்தகைய அச்சங்கள் இல்லை. விலையும் இல்லை. உறங்கப்போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன் வீட்டின் பெரிய விளக்குகளை அணைத்து, மஞ்சள் நிறச் சிறு விளக்கினை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழலாம். காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடந்தால் உயிர்க் கடிகாரம் நேர்படும். இரவுச் சுரப்பும் உரிய வேளையில் தொடங்கும். இவற்றால் நீடித்த நோய் எதுவும் நீங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. உடல் தன் நெருப்பைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் நாம் குறுக்கிடாமல் இருக்க இவை உதவும்.

முடிவுரை

இப்னு சீனா 'அல்-கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலில் உறக்கத்தையும் விழிப்பையும் உடல்நலத்திற்கு இன்றியமையாத காரணங்களுள் வைத்துப் பேசினார். யூனானி மருத்துவம் கூறும் ஆறு இன்றியமையாக் காரணங்களுள் இன்றும் அவை இடம்பெறுகின்றன. இரவை ஆடையாகவும் உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் ஆக்கியதாகத் திருக்குர்ஆன் நினைவூட்டுகிறது. இஷாத் தொழுகைக்குப் பின் வீண் பேச்சில் பொழுது கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை என்றும், உறங்குமுன் விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள் என்றும் நபிமொழி நூல்கள் கூறுகின்றன.

விளக்கை அணைக்கச் சொன்னதற்கு அந்நூல்கள் தரும் காரணம் தீ விபத்தைத் தவிர்ப்பதே. அதற்குள் மெலடோனினைத் திணித்து, 'அன்றே சொல்லப்பட்டது' என்று முழங்குவது மார்க்கத்திற்கும் அறிவியலுக்கும் நாம் செய்யும் நன்மை ஆகாது. அறிவியல் நாளை தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும். மறையை அதனோடு கட்டி இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வழக்கங்களைப் பேணிய நம் முன்னோர் இருளில் உறங்கினர், வைகறையில் எழுந்தனர். மெலடோனின் என்னும் பெயரை அறியாமலேயே அதன் பயனைத் துய்த்தனர். பெயரை அறிந்த நாம் பயனை இழந்து நிற்கிறோம்.

தேர்வுக்காக நள்ளிரவு வரை விழித்து, அதன்பின் கைப்பேசியோடு விடியற்காலம் வரை கிடக்கும் மாணவச் செல்வங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். இளமையில் அழற்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் இதயமாகவும் இரத்தக் குழாயாகவும் மூட்டாகவும் அது வெளிப்படும்போது, அதற்கான கங்கு எந்த இரவில் விழுந்தது என்று யாரும் கூற இயலாது. இன்றிரவு விளக்கை அணைப்பது நம் கையில் உள்ளது.